புறவெப்பத் தாக்கம்

போத்தலுக்கு மூடி போட்டதுதான் பிழை. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் என்பது வெற்றிலை போடுகிற எவருக்கும் தெரியும். வெள்ளவத்தையில் கெமிஸ்ட்ரி படிப்பிக்கும் சிவபாதசுந்தரம் மாஸ்டருக்குத்தான் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. பின்னேரம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிச் சூட்டைத் தொட்டுப் பார்க்கட்டும், சிந்தக்கூடாது என்று ஜாம் போத்தலை இறுக்கித் திருகிப் பரீட்சித்துப் பார்த்தார். அது வெடித்து, ஜன்னல் கண்ணாடியையும் அவர் விரலையும் பதம் பார்த்தது.

புலிகள் தாக்கிக் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து ஒரு மாதம் ஆகியிருக்காது. அப்பளம் நொறுங்கினாலும் கொழும்பு குனிந்து படுத்த காலம்.

"அத்தான், பிள்ளையளைப் படிப்பிக்கிறீங்களோ, ஆளைக் குறைக்கிறீங்களோ?" என்று சிரித்தான் மனைவியின் தம்பி வரதராசா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடா விசாவுக்காக அங்கே தங்கியிருந்தவன். "போய் மருந்து போடுங்கோ. நான் கூட்டி அள்ளுறன்."

மாஸ்டர் மருந்துக்கடையில் விரலுக்குத் துணி சுற்றி, தன் வீரத்தைக் கடைக்காரருக்கும் பகிடியாகச் சொல்லி முடித்துத் திரும்பியபோது, அறையில் அவன் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடி மட்டும் கிடந்தது.

யாரோ பொலிசுக்கு டெலிபோன் எடுத்திருக்கிறார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது கரும்பலகை. அதில் மாஸ்டரின் மணியான எழுத்தில் இரண்டு தலைப்புகள்: புறவெப்பத் தாக்கம், அகவெப்பத் தாக்கம். முதலாவதில் வெப்பம் வெளியே போகிறதென்று அம்புகள். மற்றதில் உள்ளே இழுபடுகிறதென்று அம்புகள். பாடப்புத்தகத்தில் 'ரியாக்சன்' என்பதற்குத் தமிழ் 'தாக்கம்'. வந்த கான்ஸ்டபிளின் அரைகுறைத் தமிழில் தாக்கமென்றால் தாக்குதல். வெளியிலிருந்து ஒன்று, உள்ளிருந்து ஒன்று என்று அவன் மேலதிகாரிகளுக்கு விளக்கியிருக்கிறான். அவர்கள் வரதராசாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாஸ்டர் ஸ்டேசனுக்கு ஓடி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாடம் எடுத்தார்.

"சேர், பெரிய வித்தையொண்டும் இல்லை. கையாலை தொட்டுப் பாத்தால் தெரியும். சுட்டால் வெப்பம் வெளியிலை போகுது. குளிர்ந்தால் உள்ளுக்கை போகுது. ஈனோவைத் தண்ணியிலை கரைச்சுப் பாருங்கோ, கிளாஸ் குளிரும்."

பொறுப்பதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கொலன்னாவையிலை வெப்பம் எந்தப் பக்கம் போனது, மாஸ்டர்?"

எந்தக் கேள்விக்கும் பகிடி வைத்திருந்த மனிதர், மைத்துனனை விடச் சொல்லிக் கும்பிட்டார். "ஹெட்ட என்ன" என்றார்கள், நாளைக்கு வா என்று. நாளைக்குப் போனால், அப்படி ஒருவனை இங்கே கொண்டுவரவேயில்லை என்றார்கள்.

மனைவி அருந்ததி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் சூடு வெளியே போயிருக்கும். அவள் சோறு போட்டாள். தம்பியின் சட்டைகளைத் தோய்த்து மடித்து வைத்தாள். அவள் எல்லாவற்றையும் உள்ளே இழுக்க இழுக்க, வீடு குளிர்ந்துகொண்டே போனது. அவள் கையைத் தொட அவருக்குப் பயமாயிருந்தது. தொட்டால் தெரிந்துவிடுமே.

"என்னிலை கோவமோ?"

"ஆறப்போகுது, சாப்பிடுங்கோ."

கொட்டாஞ்சேனையில் ஒரு லோயரிடம் கிளார்க்காக ஒஸ்வால்ட் என்றொருவர் இருந்தார். எல்லா ஸ்டேசனிலும் தெரிந்த ஆள் வைத்திருந்தவர். மாஸ்டர் பஸ் ஏறிப் போய்க் கேட்பது ஒரே கேள்வி: பெடியன் எங்கே? மறுமொழியும் ஒன்றுதான்: "பாப்பம் மாஸ்டர். கேட்டிருக்கேன். பிளேன்டீ குடிங்க." இப்படியே மாஸ்டர் கொட்டாஞ்சேனைத் தேயிலையில் பாதியைக் குடித்துத் தீர்த்தார்.

ஒருநாள் ஒஸ்வால்ட் பிளேன்டீ சொல்லவில்லை. எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"என்ன ஒஸ்வால்ட், தேத்தண்ணியும் முடிஞ்சுதோ?" என்றார் மாஸ்டர். "மழுப்பாமல் சொல்லும் ஐயா. அவன் வருவானோ?"

"வரமாட்டான் மாஸ்டர். கொண்டு போன அன்னைக்கே அடிச்சதுல செத்துட்டான். கூட இருந்தவன் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான். இனி எங்கயும் போய்க் கேக்காதீங்க. வீட்டுக்குப் போய் அவங்க அக்காவுக்குச் சொல்லுங்க."