ஆர்விட் படுத்துப் பார்த்த வண்டி

கூதிர் கழிந்துவிட்டது, பனியோ இன்னும் இறங்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்த இடைப்பட்ட நாள்களுக்கென்றே ஓர் அமைதி உண்டு. மக்காச்சோளம் அறுவடையாகி, வெட்டுண்ட தாள்கள் கறுத்த மண்ணில் வரிவரியாய் நின்றன. காட்டு வாத்துகள் தெற்கே போய்விட்டன. ஏரி உறையவில்லை, ஆயினும் அலையடிப்பதை விட்டிருந்தது. பகலவன் வானத்தின் தென்னோரமாகச் சிறிது நேரம் தாழ நடந்து, சொல்லிக்கொள்ளாமலே மறைந்தான். மான் வேட்டை தொடங்கிவிட்டதால் தொலைவுக் காடுகளிலிருந்து எப்போதேனும் ஒரு துப்பாக்கி ஒலி எழும். அது அடங்கியபின், முன்னிருந்த அமைதி இன்னும் ஆழமாகித் திரும்பும்.

அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், சோல்வே தன் தந்தையின் உதடுகளை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய மூச்சு நின்றது.

அவள் அதை அறிந்தாள். எனினும் பஞ்சைக் கிண்ணத்தில் நனைத்து இன்னொரு முறை ஒற்றினாள். கட்டிலின் மறுபக்கத்தில் அமர்ந்து கணவரின் கையைப் பற்றியிருந்த மார்னா, மெல்லத் தலையசைத்தாள்.

"போதும்மா. இனி அவருக்குத் தாகம் இல்ல."

சோல்வே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அழுகைக்கு முன்பாக அவளுக்குள் எழுந்தது வேறொரு நினைவு: இனி அவரிடம் கேட்க முடியாது. அன்று மாலைக்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலுக்கு அவளுக்குத் தேவைப்பட்ட ஒரே சொல், சற்றுமுன் அடங்கிய அந்த மார்புக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆர்விட் லிண்டால் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்த லாரி யார்டில், லாரிகள் விற்கும் திறந்த முற்றத்தில், வேன் விற்றவர். ஜெர்மனியில் செய்யப்பட்டுக் கடல் கடந்து வரும் உயரமான வேன்கள். ஒரு காலத்தில் இறக்குமதி வரிக்கு அஞ்சி, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலேற்றி, தென் கரோலினாவில் மீண்டும் பூட்டி அனுப்புவார்கள். ஒரே வண்டி இரண்டு வாசல்களில் விலைபோனது. லாரி யார்டில் லாரிக் கம்பெனியின் பெயர்ப்பட்டை ஒட்டியிருக்கும். சாலைக்கு அப்பாலுள்ள கார் ஷோரூமில் நட்சத்திரச் சின்னம் பதித்திருக்கும். தச்சரும் குழாய் வேலைக்காரரும் சேற்றுக் காலோடு யார்டுக்கு வந்தார்கள். ஷோரூமின் பளிங்குத் தரை அவர்களை அச்சுறுத்தியது.

வந்தவர்களிடம் ஆர்விட் விலையை முதலில் பேசுவதில்லை. "உங்க சுமையைக் கொண்டு வாங்க" என்பார். கூரைக்காரர் தம் ஏணியைக் கொண்டு வருவார். ரொட்டிக்கடை டெல்பின் தட்டு அடுக்குகளைக் கொண்டு வருவாள். அவற்றை யார்டிலேயே ஏற்றி, வார் போட்டுக் கட்டி, ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தபிறகே கையெழுத்து. நோய் அவரைக் கட்டிலில் கிடத்தியபின் அந்த மேசையில் சோல்வே அமர்ந்தாள், அவ்வழக்கத்தையும் கைவிடவில்லை.

கோடையில் வேன் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. இனி ஒரே பெயர், ஒரே வாசல். ஆண்டு முடிவோடு வேன்கள் யார்டை விட்டுப் போகும். நட்சத்திர ஷோரூமில் மட்டுமே விற்கப்படும். செய்தி கேட்ட அன்று ஆர்விட் தலையணையிலிருந்து எழ முயன்றார். "அந்தக் கண்ணாடி வீட்டுல லிண்டால் குடும்பத்துக் கால் படாது" என்றார். பிறகு அதைப்பற்றி அவர் பேசவேயில்லை.

இலையுதிர் காலத்தில் ஷோரூம் மேலாளர் சோல்வேயை அழைத்தார். வேன் பிரிவை அவளே நடத்தலாம். இந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்களை அவள் அறிவாள். அந்த வேலையை விரும்பினாள், தாயிடமும் சொன்னாள். ஆனால் தந்தையின் சொல்லை மிதித்துக்கொண்டு சாலையைக் கடக்க அவளால் இயலாது. நேற்று மாலை துணிவை வரவழைத்துக்கொண்டு, "அப்பா, நான் அங்க போகட்டுமா?" என்று கேட்டாள். அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார்.

பிற்பகலில் கார்ல்டன் ஹாகா வந்தார். அவ்வூரில் மூன்று தலைமுறையாக அடக்கச் சேவை நடத்தும் குடும்பத்தவர். பருத்த உடல், குழந்தை முகம். வெள்ளை வேனைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து வாசற்படியோடு ஒட்டி நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"மார்னா, மன்னிக்கணும். தனியாத்தான் வந்திருக்கேன். என் ஆளு மான் வேட்டைக்குப் போயிட்டான். வேட்டை முடியற வரைக்கும் யாரும் சாகக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லி வெச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரர் கேக்கல."

"அவர் என்னைக்கு யார் பேச்சைக் கேட்டார்?" என்றாள் மார்னா. "காப்பி இருக்கு. உக்காரு."

இறந்தவர் இருக்கும் வீட்டில் காப்பி குடிக்காமல் எந்த வேலையும் தொடங்காது என்பது அவர்களுக்குள் ஒரு முறை. மூவரும் சமையலறையில் அமர்ந்தார்கள். பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்த எலுமிச்சைப் பழ இனிப்பை மார்னா வெட்டி வைத்தாள். கார்ல்டன் ஒரு துண்டை முடித்துவிட்டு, ஜன்னல் வழியே தம் வண்டியைப் பார்த்தார்.

"இதை நான் வாங்கின கதை உனக்குத் தெரியுமா, சோல்வே?"

"உங்களுக்கு வித்தார்னு மட்டும் தெரியும்."

"எனக்கும் அதேதான் சொன்னார். சுமையைக் கொண்டு வான்னு. நான் என்னத்தக் கொண்டு போக? 'ஆர்விட், என் சுமை யாருன்னு உனக்குத் தெரியும். யார்டுக்குக் கூட்டிட்டு வந்தா ஜெயில்ல போட்டுடுவாங்க'ன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சார். அப்புறம் ஷூவைக் கழட்டிட்டு, பின்னாடி ஏறி, ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டார்."

மார்னா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட இதைச் சொன்னதே இல்ல!"

"எப்படிச் சொல்வார்? வெள்ளைத் துணியைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, 'வண்டிய எடு'ன்னார். ஏரியைச் சுத்தி ஓட்டினேன். பெட்ரோல் பங்க்ல நிறுத்தினப்ப, நம்ம பாதிரியார் வீட்டம்மா பக்கத்து கார்ல இருந்தாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, தலையைக் குனிஞ்சு ஜெபம் பண்ண ஆரம்பிச்சாங்க. இந்த மனுஷன் துணிக்குள்ள இருந்து கையை எடுத்து மூக்கைச் சொறியறார்."

சோல்வே சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாக உடைந்தது; அதையும் சிரிப்பைப் போலவே வெளியே விட்டாள். மற்ற இருவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி வந்து எழுந்து உக்காந்து சொன்னார்: 'தலைப்பக்கம் குலுக்குது, கார்ல்டன். செத்தவன் புகார் சொல்ல மாட்டான். அதனாலதான் நாம சரி பண்ணிக் குடுக்கணும்.' பின்பக்க ஸ்பிரிங்க மாத்தின பிறகுதான் சாவியைக் குடுத்தார்." கார்ல்டன் கோப்பையை நகர்த்தி வைத்தார். "இந்த வசந்தத்துல புது வண்டி எடுக்கணும், சோல்வே. உங்கிட்டதான் வரணும்னு உத்தரவு."

"என்கிட்டயா? யார்ட்ல இனி வேன் இருக்காது, கார்ல்டன்."

"யார்ட் இல்லம்மா, அந்த ஷோரூம்ல. போன வாரம் போன் பண்ணார். 'படுக்கைல இருந்துக்கிட்டு இன்னும் வண்டி விக்கிறியா?'ன்னு கேட்டேன். 'நான் இல்லப்பா, என் பொண்ணு விப்பா. கண்ணாடிக் கடையில இருப்பா. தரை வழுக்கும், ரப்பர் ஷூ போட்டுட்டுப் போ. சுமையையும் கொண்டு போ, அவ பின்கதவத் திறப்பா'ன்னார். உனக்குத் தெரியாதா?"

சோல்வே திரும்பித் தாயைப் பார்த்தாள்.

மார்னா மேசைவிரிப்பின் ஒரு மடிப்பை விரலால் நீவினாள். நீவியது போதாதென்று மறுபடியும் நீவினாள்.

"இவருக்கு மட்டும் இல்ல," என்றாள். "டெல்பின், கூரைக்காரங்க, நாய் வளர்க்கிற அந்தம்மா, எல்லாருக்கும் பண்ணார். நீ வேலைக்குக் கிளம்பினதும் போனைக் கையில குடுக்கச் சொல்வார். டெல்பின் அந்தக் கடைக்கு ஒரு தடவை போனப்ப, ரொட்டித் தட்டை உள்ள விட மாட்டோம்னு சொன்னாங்களாம். அதைக் கேட்டதுலேர்ந்துதான். 'அங்க நம்ம ஆள் ஒருத்தர் இருந்தாகணும், மார்னா'ன்னார்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"தானே சொல்லணும்னு பிடிவாதம். 'நீ வாயத் திறக்காதே, எம் பொண்ணுகிட்ட நான் சொல்றேன்'ன்னு எனக்குக் கட்டளை. ஆனா போன்ல பேசிப் பேசி மத்தியானத்துக்குள்ள குரல் தீந்துடும். சாயந்திரம் நீ வந்து உக்கார்றப்போ வெறும் காத்துதான் வரும். நாளைக்குக் குறைச்சுப் பேசறேம்பார். மறுநாளும் அதே கதை."

"நேத்து நானே கேட்டேனே. முகத்தைத் திருப்பிக்கிட்டாரே."

"என் பக்கம் திருப்பினார்." மார்னாவின் குரல் தாழ்ந்தது. "நான் அந்தப் பக்கம் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். இப்ப நீ சொல்லுன்னு பாத்திருக்கார். எனக்குப் புரியல. தண்ணி கேக்கறார்னு நினைச்சு எடுத்துட்டு வந்தேன்."

சுவர்க் கடிகாரம் ஒலித்துக்கொண்டிருந்தது. வெளியே எங்கோ ஒரு துப்பாக்கி வெடித்து அடங்கியது.

"குடிச்சாரா?" என்றாள் சோல்வே.

"குடிச்சார். கொஞ்சம் கோபமாத்தான் குடிச்சார்."

உதவிக்கு ஆளில்லாததால் சோல்வேயே தந்தையின் தோள்பக்கம் நின்றாள். கார்ல்டன் கால்பக்கம் நின்றார். கட்டிலிலிருந்து தூக்கியபோது அவர் இத்தனை இலேசாக இருப்பார் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. வாசற்படியில் சக்கரங்களை மெல்ல இறக்கி, வண்டிக்குள் செலுத்தினார்கள். கார்ல்டன் வாரை எடுத்தார்.

"குடுங்க" என்று சோல்வே வாங்கிக்கொண்டாள்.

அவள் உள்ளே ஏறி மண்டியிட்டாள். வாரை மார்பின் குறுக்கே கொண்டுவந்து பூட்டி, உள்ளங்கையைத் தட்டையாக இடையில் நுழைத்து, இறுக்கம் சரியா என்று பார்த்தாள். யார்டில் நூறு ஏணிகளுக்கும் தட்டுகளுக்கும் அவள் கை செய்த அதே சோதனை. கால்பக்கத்தையும் பார்த்தாள். கலைந்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டு இறங்கினாள்.

"வசந்தத்துல வாங்க, கார்ல்டன்" என்றாள். "ஆனா முன்வாசல் வேண்டாம். பின்பக்கம் ஒரு சரிவுப் பலகை போட்டுத் தர்றதா இருந்தா அந்த வேலைக்கு வரேன்னு இன்னிக்கு ஷோரூம்காரங்ககிட்டச் சொல்லிடறேன்."

"சுமைக்கு நான் என்ன பண்றது?"

"உங்க ஆளைக் கூட்டிட்டு வாங்க. வேட்டைக்குப் போனதுக்கு அவனே படுக்கட்டும்."

கார்ல்டன் தலையைக் குனிந்து சிரித்தார். பின் கதவைச் சாத்தக் கை நீட்டியவர், மார்னா மேலங்கிகூட அணியாமல் வெளியே வருவதைக் கண்டு நின்றார்.

மார்னா வண்டிக்குள் உடலை வளைத்து எட்டினாள். பெருவிரலால் கணவரின் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, பின் அதன் குறுக்கே ஒரு கோடு இட்டாள். குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்ற நாளில் அவ்விடத்தில் இடப்பட்ட அதே அடையாளம். அவள் உதடுகள் அசைந்தன; என்ன சொன்னாள் என்பது அவ்விருவருக்குள் நின்றது. கார்ல்டன் தொப்பியை மார்போடு அணைத்திருந்தார்.

நிமிர்ந்தவள் மகள் பக்கம் திரும்பினாள். அதே விரலை மகளின் நெற்றியில் வைத்து, அதே சிலுவையை வரைந்தாள்.

"உன்னை நம்பி ஏத்துற சுமையெல்லாம் ஒரு கீறல் இல்லாம வீடு போய்ச் சேரட்டும். ஆண்டவர் உனக்கு முன்னாடி நடந்து வழியைப் பாத்துக்கட்டும். அவர் சமாதானம் உன்கூடவே வரட்டும். போய் வா, கண்ணு."