தூதருக்கு உதவிய சட்டம்

யூமாதியோஸுக்கு கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். அவன் தம்பி மேற்கே ஜெர்மானியர் வசமிருந்த காப்புவா நகரத்துச் சிறையில் கிடந்தான். ஜெர்மானிய ராஜாவின் தூதராக வந்திருந்த பிஷப் ஆட்டோ நல்லபடியாக ஊர் திரும்பினால்தான் கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சே நடக்கும். மனுஷன் அப்படித் திரும்புகிற ஆளாகத் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து எங்கள் ஒயினில் பிசின் நாற்றம், சாப்பாட்டில் மீன் நாற்றம் என்று ஒரே புலம்பல்.

சக்கரவர்த்தியைப் பார்க்குமுன் கடிதத்தை மந்திரி பசிலாக்கியோஸிடம் வாசித்துக் காட்டுவது வழக்கம். ஆட்டோ தனக்குத் தெரிந்த கிரேக்கத்தில் தானே வாசித்தார்.

"கிரேக்கர்களின் ராஜாவுக்கு..."

நாங்கள் பேசுவது கிரேக்கம்தான், யார் இல்லை என்றது? அதற்காக, இந்த ஊரைக் கட்டிய கான்ஸ்டன்டைன் காலந்தொட்டு இங்கே உட்கார்ந்து ஆள்கிற ரோமச் சக்கரவர்த்தி கிரேக்க ராஜாவாகிவிடுவாரா? ரோமச் சக்கரவர்த்தி என்று தன்னைச் சொல்லிக்கொள்வதால் நேற்று முளைத்த ஜெர்மானியன் ரோமனாகிவிடுவானா?

"உள்ள தள்ளுங்க இவரை," என்றார் மந்திரி.

காவலர்கள் தோளைப் பிடித்ததும் ஆட்டோ லத்தீனில் கத்தினார்.

"என்னவாம்?"

யூமாதியோஸ் உள்ளதைச் சொன்னான். "தூதர் மேல கை வைக்கறது ரோமச் சட்டப்படி குத்தமாம்யா."

மந்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிரேக்கன்கிட்ட வந்து ரோமச் சட்டம் பேசறாரா? அது யார் சட்டம்னு கேளு. எங்களதுன்னு ஒத்துக்கிட்டா விட்டுடறேன்."

யூமாதியோஸ் லத்தீனில் கெஞ்சினான். "சாமி, இவங்க சட்டம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் தம்பி காப்புவா ஜெயில்ல இருக்கான். நீங்க போனாத்தான் அவன் வருவான்."

"ரோமே எங்க கையில இருக்கு. செத்தாலும் அப்படிச் சொல்லமாட்டேன்."

யூமாதியோஸ் மந்திரி பக்கம் திரும்பினான்.

"உங்க சட்டந்தான்னு ஒத்துக்கறாருங்கய்யா."

கடிதம் வாசிக்கிற அளவுக்குக் கிரேக்கம் தெரிந்தவருக்கு இது புரியாதா? ஆட்டோ விருட்டென்று நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். தோளில் இருந்த கைகளைப் பார்த்தார், காவலர்களின் கோடரிகளைப் பார்த்தார், பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"அப்படி வாங்க வழிக்கு," என்றார் மந்திரி. "விடுங்கப்பா. உக்கார நாற்காலி போடுங்க."

ஆட்டோ உட்கார்ந்து அங்கியைச் சரிசெய்துகொண்டார். பிறகு யூமாதியோஸிடம் மெல்ல லத்தீனில் கேட்டார்.

"உன் தம்பி பேர் என்ன?"