ஏழாம் வகுப்புக்குப் படம் எடுத்த நாள்

நந்துடுவுக்கு அன்று காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மலேவா ஒரு கட்டு கேட்டவளுக்கு இரண்டு கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். அடுத்து வந்தவளுக்கோ மீதிச் சில்லறையை மட்டும் கொடுத்துவிட்டுக் கட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மூங்கில் குருத்தைப் புகையில் உலர்த்தி மலேவாவாக விற்கிறவர்களிலேயே கெட்டிக்காரி என்று எம்பாலே சந்தையில் பெயர் வாங்கியவள் அவள்.

பக்கத்துக் கடை முயாமா தக்காளி அடுக்குவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? எறும்புப் புத்து மேல உக்காந்த மாதிரி நெளியறே?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாதவளா வந்தவளுக்குக் காசு கொடுத்து அனுப்புறே? அப்ப எனக்கும் கொஞ்சம் கொடு, நானும் வாங்கிக்கறேன்."

நந்துடு சிரிக்கவில்லை. "இன்னைக்கு ஸ்கூல்ல ஏழாங்கிளாஸுக்குப் படம் புடிக்கிறாங்க. பரீட்சைக்குப் பேர் கொடுக்கறதுக்கு."

"அதுக்குத்தானே எம் பொண்ணு ஸ்வெட்டரை உம் பொண்ணு வாங்கிட்டுப் போனா? நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

நந்துடு மடியிலிருந்த மலேவாக் கட்டை எடுத்துக் கீழே வைத்தாள். என்னவென்று சொல்வாள்? நேற்றுச் சாயங்காலம் தலைமை ஆசிரியை வமிம்பி மேடம் அறையில் உட்கார்ந்து, "சரிங்க மேடம், இந்த வருஷமும் அவ ஆறாவதுலயே இருக்கட்டும்" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்ததையா?

மகள் கைன்சா ஆறாம் வகுப்பை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. அவள் படிப்பில் மெதுவு, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அவளை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் வேறு. பள்ளி வாசலில் தொங்குகிற பெரிய பேனர்தான் அது. ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் தரம் வாங்கிய பிள்ளைகளின் முகங்களை அதில் வரிசையாகப் போடுவார்கள். தேற மாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஏழாம் வகுப்பு வாசலையே மிதிக்க விடமாட்டார்கள். அப்போதுதானே பேனர் பளபளவென்று இருக்கும், ஊரிலுள்ள பெற்றோரெல்லாம் வந்து விழுவார்கள்?

அப்புறம் கொரோனா வந்தது, பள்ளிகளை மூடினார்கள். மூடினார்கள் என்றால், பிள்ளைகளின் சீருடையெல்லாம் முழங்காலுக்கு மேல் ஏறிப்போகிற வரைக்கும் மூடியே வைத்திருந்தார்கள். கைன்சா அம்மாவோடு சந்தையில் உட்கார்ந்து மலேவா விற்றாள். கடைசியில் திறக்கிறபோது அரசாங்கம் ஒரு தற்காலிக விதி போட்டது. இந்த ஒரு தடவை எல்லாப் பிள்ளைகளையும் அடுத்த வகுப்புக்கு ஏற்ற வேண்டும், எந்தப் பள்ளியும் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது. ரேடியோவில் அதைக் கேட்ட அன்று கைன்சா தட்டிலிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, வனாலே மலையைப் பார்த்து ஒரு கத்து கத்தினாள். கோழிகள் சிதறி ஓடின.

அந்த விதியில்தான் மேடம் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். பள்ளிதான் நிறுத்தக் கூடாது, பெற்றவளே கேட்டுக்கொண்டால்?

"கைன்சாம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் நேற்று, குரலில் தேன் சொட்ட. "பரீட்சையில தோத்தான்னா அந்தச் சான்றிதழ் ஆயுசுக்கும் அவ முதுகுல ஒட்டிக்கும். இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே. ஊர் சிரிக்கணுமா?"

ஊர் சிரிக்கும் என்றதும் நந்துடு தலையாட்டினாள். சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து மகளிடம் மூச்சு விடவில்லை. காலையில் அந்தப் பெண் பள்ளி விதிப்படி புதிதாக மழித்த தலையில் வாஸ்லைனைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு, இரவல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, உடைந்த கண்ணாடித் துண்டின் முன்னால் விறைப்பாக நின்றாள். "படத்துல சிரிக்கக் கூடாதாம்மா. பாரு, சிரிக்காம இருக்கேனா?" என்று கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். அப்போதும் நந்துடு வாய் திறக்கவில்லை. நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"அக்கா, கடையைப் பாத்துக்கோ," என்று எழுந்தாள்.

"எங்கடி போறே?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன். வந்து சொல்றேன்."

சந்தை முனையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் இல்லை. நிற்கப் பொறுமையும் இல்லை. உச்சி வெயிலில், பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வழியில் தெரிந்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

பள்ளி வாசலில் காவலாளி மஃபாபி கையைக் குறுக்கே நீட்டினார். முதலில் மாஸ்க் என்றார். தலைத்துணியை அவிழ்த்து மூக்கில் கட்டினாள். கை கழுவு என்றார். கழுவினாள். காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை நெற்றிக்கு நேராக நீட்டினார். அது கீ கீ என்று கத்தியது.

"சூடு ஜாஸ்தியா இருக்கு. உள்ள விடமாட்டேன்."

"ஓடி வந்தேன்யா! ஓடி வந்தா சூடாத்தான் இருக்கும்!"

"ஓடி வந்தியா, ஒட்டகத்துல வந்தியான்னு சட்டம் கேக்காது. அந்த மர நிழல்ல போய் உக்காரு. ஆறினப்புறம் பாக்கலாம்."

"ஆறுற வரைக்கும் படக்காரன் காத்திருப்பானா?"

"அதை அவன்கிட்ட கேளு."

அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று பார்த்தாள். ஆள் மெலிந்தவர்தான், விழுந்துவிடுவார். ஆனால் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. போய் நிழலில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், மறுபடி போய் நெற்றியைக் காட்டினாள். துப்பாக்கி மறுபடி கத்தியது. கோபத்தில் சூடு ஏறுமே தவிர இறங்குமா?

கம்பி வழியாக எல்லாம் தெரிந்தது. வகுப்பறைச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், கேமராக்காரன், தள்ளித் தள்ளி நிற்கிற பிள்ளைகள். ஒவ்வொரு மழித்த தலையாகப் பார்த்தாள். கைன்சா இல்லை. வரிசை குறைந்துகொண்டே வந்தது.

அவ்வளவுதான், அவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"மேடம்! வமிம்பி மேடம்! எம் பொண்ணு எங்கே?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் மாஸ்க்கைத் தாடையிலிருந்து மூக்குக்கு ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

"ஏன் சந்தை மாதிரி கத்துறீங்க? நீங்கதானே நேத்து கேட்டுக்கிட்டீங்க?"

"நான்தான் கேட்டேன். இப்ப திருப்பி எடுத்துக்கறேன்."

"வாய் வார்த்தையை இப்படி நினைச்சா மாத்த முடியுமா?"

"நேத்து நான் மாஸ்க் போட்டிருந்தேன். பேசினது என் வாய்தான்னு நீங்க பாத்தீங்களா?"

மஃபாபி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"விளையாட்டு வேணாம், கைன்சாம்மா. அவ தோத்துப் போவா."

"தோக்கட்டும் மேடம். எழுதித் தோக்கட்டுமே! எழுத விடாமலே எத்தனை வருஷம் தோக்க வைப்பீங்க? யாரையும் நிறுத்தக் கூடாதுன்னு ரேடியோவுல தொண்டை கிழியச் சொன்னாங்க. நீங்க நிறுத்தல, பெத்தவளை வச்சே நிறுத்தப் பாக்கறீங்க. இன்னும் எத்தனை அம்மாக்களைக் கூப்பிட்டு உக்கார வச்சீங்க? வீடு வீடாப் போய்க் கேக்கட்டுமா?"

மேடத்தின் கண் ஒரு கணம் தெருவுக்குப் போய்வந்தது. பிறகு அவர் அமைதியாகிவிட்டார்.

"சரி. பொண்ணையே கேட்டுடுவோம். அவ ஏழாவது வேணும்னு சொன்னா படம் எடுக்கச் சொல்றேன்."

இவ்வளவு சுலபமா என்று நந்துடுவுக்கு ஆச்சரியம். ஆறாம் வகுப்பு அறையிலிருந்து கைன்சா வந்தாள். இரவல் ஸ்வெட்டர் மேலிருந்து கீழ் வரை பொத்தான் போட்டபடியே இருந்தது. முகம் வீங்கியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம், எட்டி நின்றாள்.

"கைன்சா, உனக்கு ஏழாவதுதானே வேணும்? மேடம்கிட்ட சொல்லு."

கைன்சா தரையைப் பார்த்தாள். "அம்மா சொன்ன மாதிரியே இருக்கட்டும் மேடம்."

"என்னடி சொல்றே?"

"நான் வரிசையில முதல் ஆளா நின்னேன். மேடம் வந்து, உங்கம்மாவே உன்னை ஆறாவதுல வைக்கச் சொன்னாங்கன்னு சொன்னாங்க. பொய்யின்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன், எங்கம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு." அவள் நிமிர்ந்தாள். "சொன்னியாம்மா?"

மகள் கோபத்தில் மறுப்பாள் என்று தெரிந்துதான் மேடம் அமைதியானார் என்று நந்துடுவுக்கு இப்போது விளங்கியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. பின்னால் கேமராக்காரன் வெள்ளைத் துணியின் ஒரு முனையை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

"சொன்னேன்," என்றாள் நந்துடு. "சொல்லிட்டு ராத்திரி உன்கிட்ட மறைச்சேன். காலையில நீ கண்ணாடியில சிரிச்சப்பவும் மறைச்சேன். நீ தோத்துடுவேன்னு பயந்தேன். ஊர் சிரிக்கும்னு பயந்தேன். அது என் பயம்டி, உன் மேல ஏத்திட்டேன். எம் மேல எவ்வளவு வேணா கோபப்படு. ஆனா அந்தக் கோபத்துல ஆறாவதுல போய் உக்காந்துடாதே. போ, போய் அந்த ஸ்டூல்ல உக்காரு."

கைன்சா அசையவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு மேடம் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஏழாவது வேணும் மேடம்."

கேமராக்காரன் முணுமுணுத்துக்கொண்டே துணியை மறுபடி கட்டினான். கைன்சா மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சிரிக்கக் கூடாது" என்று அவன் வழக்கம்போலச் சொன்னான். அவளிடம் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

எழுந்தவள் நேராக வாசலுக்கு வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, கம்பி வழியாக நீட்டினாள்.

"இதை முயாமா அத்தைகிட்ட கொடுத்துடு. அழுக்காகல."

"சரிம்மா."

"இன்னைக்கு உன்கூடப் பேச மாட்டேன்."

"சரி."

"நாளைக்குப் பேசறேன்," என்றாள் கைன்சா. திரும்பி, ஏழாம் வகுப்பு அறையை நோக்கி நடந்தாள்.

நந்துடு ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றாள். மஃபாபி கிட்டே வந்து, கேட்காமலே துப்பாக்கியை அவள் நெற்றிக்கு நீட்டினார். அது கத்தவில்லை.

"ஆறிடுச்சு," என்றார். "இப்ப உள்ள போகலாம்."

"இனி எதுக்குய்யா?" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சந்தைக்கு நடந்தாள்.