இருபது டிகிரிக் கால்

சுந்தரேசன் சரி என்று சொல்லாமல் காஞ்சன்பாக் தொழிற்சாலையிலிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போக முடியாது. ஆய்வுப் பிரிவு அதிகாரி அவர். உற்பத்திப் பிரிவு குணசேகரன் அரும்பாடுபட்டுச் செய்து அனுப்புகிற பாகங்களை, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவதுதான் அவருடைய உத்தியோகம், பொழுதுபோக்கு, பூஜை எல்லாமே. தான் அளந்தது தப்பாக இருக்கலாம் என்கிற எண்ணம் அவருக்குச் சொப்பனத்தில்கூட வந்ததில்லை.

அந்த வருஷம் பாதுகாப்பு வாரத்து மோட்டார் சைக்கிள் ஊர்வலத்துக்கு யார் தலைமை தாங்குவது என்று கேள்வி வந்தது. சுந்தரேசனிடமும் புல்லட் உண்டு, குணசேகரனிடமும் உண்டு. குணசேகரன் நன்றாக ஓட்டுவார். ஆகவே நிர்வாகம் சீனியாரிட்டி பார்த்து சுந்தரேசனைத் தேர்ந்தெடுத்தது. அவர் ஏதாவது காரணத்தால் வர முடியாமல் போனால் குணசேகரன் முன்னால் போவார் என்றும் சொல்லி வைத்தது. அந்த ஒரு வரி சுந்தரேசனின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

தலைமை தாங்குபவர் கணுக்கால் மறைக்கும் பூட்ஸ் அணிய வேண்டும் என்று விதி. கம்பெனியே கான்பூரிலிருந்து வரவழைத்துத் தரும், வீட்டிலேயே பாதத்தை அளந்து சொன்னால் போதும் என்றார்கள். வேறு யாராவது என்றால் அத்தோடு விஷயம் முடிந்திருக்கும்.

மனைவி வேதா ஒரு பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தாள். "இதுமேல நில்லுங்கோ. பென்சிலால சுத்தி ஒரு கோடு போட்டா ஆச்சு. சாயங்காலமாப் பண்ணுங்கோ, அப்பதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும்," என்றாள்.

சுந்தரேசனுக்கு அவள்மீது இரக்கம் வந்தது. உலகத்தில் எந்தப் பொருளையும் இருபது டிகிரி குளிரில்தான் அளக்க வேண்டும். உஷ்ணத்தில் எல்லாமே விரியும். ஆய்வு அறையில் ஏ.ஸி. போட்டு வைத்திருப்பது மனுஷாளுக்காக இல்லை, அளவுக்காக. இதையெல்லாம் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்புறம் பக்கத்து வீட்டு ஜலஜாவின் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி வந்து வாளியில் கொட்டினார். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரை அதில் விட்டு, இருபது காட்டும் வரை தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, காலை முக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நின்றுகொண்டு அளப்பதும் ஆகாது. அளக்கும்போது பொருளின்மேல் பாரம் ஏறக் கூடாது. ஆகவே காலை ஸ்டூல்மேல் நீட்டிப் போட்டார். சாக்ஸ்? அது வேறு பாகம், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெர்னியர் காலிப்பரைப் பிடித்துத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை குறித்துக்கொண்டார். நீலம் பாய்ந்த கால்விரல்களைப் பார்த்து வேதா தலையில் அடித்துக்கொண்டாள்.

பூட்ஸ் வந்தது. கால் பாதி வழிவரை போய் நின்றுவிட்டது. வேதா அந்தப் பழைய செய்தித்தாளை எடுத்து வந்து மறுபடி தரையில் விரித்தாள், அதுதான் அவரைச் சுட்டது. மறுபடி ஐஸ் வாங்கி வந்தார். குளிர்ந்து சுருங்கிய கால், சாக்ஸ் இல்லாமல், முக்கி முனகி உள்ளே போய்ச் சேர்ந்தது. "பாத்தியா, அளவு துல்லியம். கால்தான் அப்ப சரியான உஷ்ணத்துல இல்லை," என்றார்.

ஊர்வலத்தன்று காலையிலும் ஐஸ் வாளி வைபவம் நடந்தது. சுந்தரேசன் ராஜநடை போட்டு மைதானத்துக்கு வந்து புல்லட்மேல் ஏறி உட்கார்ந்தார். பின்னால் குணசேகரன், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். முன்னால் போகிறவரை அப்படியே பின்பற்ற வேண்டும், யாரும் வரிசையை விட்டு விலகக் கூடாது என்பது உத்தரவு. சிறப்பு விருந்தினர் வழக்கம்போல் தாமதம். மார்ச் மாத வெயில் மேலே, கொதிக்கும் இன்ஜின் கீழே. கால் தன் சுபாவத்துக்குத் திரும்பியது. பூட்ஸ் திரும்பவில்லை. முதலில் சுண்டுவிரல் கத்தியது, பிறகு எல்லா விரல்களும் கத்தின, பிறகு எதுவுமே கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒருவழியாகக் கொடி அசைந்தது. மேடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, சல்யூட் அடிக்க வேண்டும். நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டும். கால் எங்கே இருக்கிறது என்றே சுந்தரேசனுக்குத் தெரியவில்லை. குணசேகரன் கண்ணெதிரே வண்டியோடு சாய்ந்து விழுவதைவிடச் செத்துப்போகலாம் என்று பட்டது. அவர் நிறுத்தவில்லை. உட்கார்ந்தபடியே மேடைக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு நேரே கேட்டைப் பார்த்துப் போனார். உத்தரவுப்படி மொத்த ஊர்வலமும் பின்னாலேயே போயிற்று. கேட் காவலர் அப்துல் ரஹீம், "கித்தர் சாப்?" என்று ஹிந்தியில், எங்கே போகிறார் எனப் புரியாமல் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். மேடையில் இருந்தவர்கள் காலி மைதானத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

எங்கே போவது? காலை ஊன்றாமல் நிற்க ஒரே ஒரு இடம்தான் அவருக்குத் தோன்றியது. குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்து, தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் வண்டியைச் சாய்த்து, தோளைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். பின்னால் தெரு அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

"வேதா, கத்திரிக்கோல் எடுத்துண்டு வா," என்றார்.

அவள் ஓடிவந்து, சுவரோரம் மண்டியிட்டுப் பூட்ஸை மேலிருந்து வெட்டத் தொடங்கினாள். தோல் பிளந்து காற்றுப் பட்டதும் சுந்தரேசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியா, சுகமா, அவமானமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குணசேகரன் வண்டியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "என்ன சார் ஆச்சு? கான்பூர்க்காரன் சின்னதா அனுப்பிட்டானா?"

தப்பிக்க நல்ல வழி. தலையை ஆட்டினால் போதும். சுந்தரேசன் வாயைத் திறந்தார். வேதா வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கால் இன்னும் பூட்ஸுக்குள்ளேயே இருந்தது.

"நான்தான் தப்பா அளந்துட்டேன்," என்றார்.

குணசேகரன் கையை நீட்டித் தன் இன்ஜினை அணைத்தார். பின்னால் திரும்பி மற்றவர்களுக்கும் கை காட்டினார். ஒவ்வொரு வண்டியாகச் சத்தம் அடங்கி, தெரு முழுவதும் அமைதியானது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்," என்றார்.