ஒரு சதமும் வாங்காத பாடகி

2011 பெப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது. மழை விட்டிருந்தது, குளிர் நான்கு பாகை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், சேலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த தன் மொழிபெயர்ப்பு அறையைத் திறக்க வதனி வந்தபோது, யாகொதா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கோப்பு இருந்தது.

யாகொதாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. குரோஷியாவின் ரியேக்கா துறைமுகத்தில் பிறந்து, இருபத்தைந்து வயதில் அங்கேயே ஒரு ராக் குழுவின் முதன்மைப் பாடகி ஆனவர். தொண்ணூறுகளில் அங்கே நடந்த போருக்குப் பிறகு, கரையோரத்து ஆண்கள் வாத்தியமின்றிக் கூடிப் பாடும் பாடல்களை மின்கிற்றாருடன் பாடினார். ராக் இரசிகர்கள் துரோகம் என்றார்கள். கரையோரத்து முதியவர்கள் இரைச்சல் என்றார்கள். ஜாஸுக்குப் போனார். ஜாஸ்காரர்கள் அவரை மேடைதோறும் ராக் பாடகி என்றே அறிமுகப்படுத்தினார்கள். ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர் அவருடைய ஐந்தாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்த அலமாரியில் அடுக்குவது என்று அவரிடமே கேட்டார். 2003இல் ரியேக்காவில் நடந்த கடைசிக் கச்சேரிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் வாயிற்காவலர்கள். மறு ஆண்டு அவர் பாரிசுக்கு வந்தார்.

"அட்டை ஜூனில் முடிகிறது," என்றார் யாகொதா, பிரெஞ்சில். "பாடித்தான் பிழைக்கிறேன் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள்."

கலைஞர்களுக்கான வதிவிட அட்டை அது. முன்பு ஒப்பந்தம் தந்துகொண்டிருந்த சிறு அரங்கு 2009 கோடையில் மூடப்பட்டுவிட்டது. அதன்பின் அவர் பாடியதெல்லாம் தம்பிராசாவின் இசைக்குழுவில்தான்.

தம்பிராசா, பாரிசின் புறநகர்களான ஓல்னே-சூ-புவாவிலும் பொபினியிலும் உள்ள மண்டபங்களில் கலியாணங்களுக்கும், சாமத்தியவீடு எனும் பூப்பு விழாக்களுக்கும் வாசிப்பவர். அவருடைய குழு பயிற்சி செய்த நிலவறைக்கு மேலேதான் யாகொதா குடியிருந்தார். ஒருநாள் இறங்கிவந்து கதவைத் தட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேஸ் கிற்றாரின் மூன்றாவது நரம்பு சுருதி விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றார். அடுத்த மாதமே தமிழ்ப் பாடல்களைக் குரோஷிய எழுத்துகளில் எழுதிவைத்துப் பாடத் தொடங்கினார்.

வதனி அன்று பிற்பகலே தம்பிராசாவை அழைத்தாள்.

"அண்ணை, அவ உங்கடை குழுவிலை பாடுறவ எண்டு ஒரு கடிதம் வேணும். தமிழிலை தந்தாலும் காணும், நான் மாத்துறன்."

"கடிதமோ? பிள்ளை, இஞ்சை பிறந்த எங்கடை பொடியளுக்கு வராத ழகரம் அவவுக்கு வருது. பக்கம் பக்கமா எழுதுவன்."

"ஒரு பக்கம் காணும் அண்ணை."

"உங்களுக்குப் பக்கத்துக்குத்தானே காசு? பேந்தென்ன?"

இரண்டு நாளில் இரண்டு பக்கங்கள் வந்தன. கலையையே மூச்சாகக் கொண்டவர். மொழி கடந்து எம்மவரானவர். ஒன்றரை ஆண்டுகளாக நாற்பத்தொரு மேடைகளில் ஒரு சதமும் வாங்காமல், அன்பு ஒன்றுக்காகவே பாடியவர்.

வதனி அந்த வரியில் நின்றாள்.

"காசு குடுத்தனீங்கள்தானே அண்ணை?"

"ஓம், குடுக்காமல்? ஒவ்வொரு முறையும் கவரிலை வைச்சு, கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை. அதையும் எழுதோணுமோ? சபையிலை பொன்னாடை போத்தின மனுசியை, கூலிக்குப் பாடினவ எண்டு எழுதித் தரச் சொல்லுறியளோ?"

அது வதனிக்கு நியாயமாகவே பட்டது. அவள் அறிந்த மண்டபங்கள் எதிலும் கலைஞரை வேறு விதமாகப் புகழ்ந்ததில்லை. விடுபட்டிருந்த இரண்டு ஒற்றுகளை இட்டாள். 'அர்ப்பணிப்பு' என்பதற்குச் சரியான பிரெஞ்சுச் சொல்லைத் தேடி அரைப்பொழுது செலவிட்டாள். ஒவ்வொரு வரியும் மூலத்துக்கு நேராக நின்றது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரையைக் குத்திக் கையெழுத்திட்டாள். மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

மே மாதம் வதிவிட அட்டை அலுவலகத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். வதனியும் உடன் போனாள். கோப்பைப் படித்த அலுவலர் ஜெனவியேவ் மரியாதையாகவே கேட்டார்:

"அம்மையார் ஒன்றரை ஆண்டுகளாக இலவசமாகப் பாடுகிறார் என்று இதில் இருக்கிறது. அப்படியானால் எதைக் கொண்டு வாழ்கிறார்?"

"பாடுவதைக் கொண்டு," என்றார் யாகொதா.

"பணம் தருகிறார்களா?"

"ஒவ்வொரு முறையும். உறையில் வைத்து."

ஜெனவியேவ் பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்று, இந்தக் கடிதம் உண்மையில்லை. அல்லது நீங்கள் இப்போது சொல்வது உண்மையில்லை."

எங்கள் வழக்கத்தில் அது ஒரு மரியாதை என்று வதனி விளக்கினாள். வாக்கியங்கள் குறையின்றி அமைந்தன. ஜெனவியேவ் இறுதிவரை கேட்டார்.

"மரியாதை புரிகிறது. அதை நான் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? வேறு ஆதாரம் இருக்கிறதா?"

"பதினேழு பொன்னாடைகள் இருக்கின்றன," என்றார் யாகொதா.

செய்தி கேட்டதும் தம்பிராசா வதனியின் அறைக்கு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தார்.

"வேறை கடிதம் எழுதுவம் பிள்ளை. இப்பவே எழுதுறன்."

"மாத்தி எழுதினால், முதல் கடிதம் பொய் எண்டு நாங்களே கையெழுத்து வைக்கிற மாதிரி அண்ணை."

"நான் அவவை உயத்தித்தானே எழுதினனான்?"

"ஓம். நானும் வடிவாத்தான் மாத்தினனான்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை பொபினியில் ஒரு கலியாணம். அறிவிப்பாளர் வழக்கம்போல் குரலை உயர்த்தி, "ஒரு சதமும் வாங்காமல் எங்களுக்காகப் பாடுற எங்கடை வெள்ளைக்காரக் குயில்!" என்றார். நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பொருள் தெரியாமல் கேட்டு யாகொதா சிரித்துக் கும்பிட்ட வாக்கியம் அது. வதனி சொல்லி இப்போது பொருள் தெரியும். மண்டபம் கைதட்டியது. பதினெட்டாவது பொன்னாடையைப் போர்த்தினார்கள். அவர் கும்பிட்டார். பாடினார். சுருதி விலகவில்லை. தம்பிராசா கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, முடிவைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி அழைப்பு வந்தது. காத்திருப்பு வரிசையில், கேட்காமலே யாகொதா பேசினார்:

"ரியேக்காவில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. இங்கேயும்தான். ஆனால் இங்கே சனிக்கிழமைகளில் யாராவது ஒலிவாங்கியைக் கையில் தருகிறார்கள். அங்கே நான் என்ன பாடினாலும், அதைப் பாட வேறொருவர் இருக்கிறார்."

"மேன்முறையீடு செய்யலாம்," என்றாள் வதனி.

"எதைக் காட்டி?"

இலக்கம் கூப்பிட்டார்கள்.

"கோரிக்கை மறுக்கப்பட்டிருக்கிறது," என்றார் ஜெனவியேவ். "முப்பது நாட்களுக்குள் நீங்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு இங்கே கையெழுத்திடுங்கள்."

யாகொதா கையெழுத்திட்டார். அரங்கு வாசல்களில் இரசிகர்களுக்கு இடுவதுபோன்ற, பெயரின் கடைசி எழுத்து நீண்டு இறங்கும் கையெழுத்து. ஜெனவியேவ் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு, ஒப்பமிட்ட முடிவை மடிக்காமல் கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாக நீட்டினார். யாகொதா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.