சுலபமான நடைகள் இருபத்திரண்டு

"புத்தகத்திலை என்ரை பேரும் வர வேணும், சிஞ்ஞோரா."

கேட்கவே கூடாது என்று மச்சாள் நாகபூசணி படித்துப் படித்துச் சொன்ன ஒன்றைத்தான் கிருசாந்தினி கேட்டாள். அதுவும் கண்ணாடி துடைத்த ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு. "லீவு கேள், அவையின்ரை பழைய சோபாவைக்கூடக் கேள்," என்று மச்சாள் வேலைக்குச் சேர்த்துவிட்ட அன்றே சொல்லியிருந்தாள். "படிச்சனான் எண்டு மட்டும் காட்டிப்போடாதை. தங்களிலும் கூடப் படிச்ச கை தங்கடை வீட்டைக் கூட்டுறது இவையளுக்குச் செமிக்காது."

மச்சாளுக்குத் தெரியாமல் இருக்குமா? பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், சிஞ்ஞோராவின் வீடு இருக்கும் கட்டடத்தின் ஐந்து மாடிப் படிகளையும் எட்டு வருடமாகக் கழுவுகிறவள் அவள்.

கிருசாந்தினி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் பெற்றவள். வெங்காயத் தோட்டக்காரர் ஞானசேகரத்தின் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இத்தாலியின் பலேர்மோவில் என்ன செய்யலாம் என்றால், ஓய்வுபெற்ற ஆசிரியை சிஞ்ஞோரா லுக்ரேசியாவின் வீட்டில் குளியலறைக் கற்களைத் தேய்க்கலாம். கற்கள் எந்த யுகத்துப் பாறை என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவை கூடுதலாக மினுங்கிவிடவில்லை.

சிஞ்ஞோராவுக்கு ஒரு கனவு இருந்தது. பலேர்மோவைச் சுற்றியுள்ள காடு, சதுப்பு, எலுமிச்சைத் தோட்ட வாய்க்கால் ஓரங்கள் எல்லாவற்றிலும் ஆறுதலாக நடக்க ஒரு கைநூல். பெயர்கூட முதலிலேயே வைத்தாயிற்று: 'சுலபமான நடைகள் இருபத்திரண்டு.' ஒரேயொரு சின்னக் குறை, சிஞ்ஞோராவால் நடக்க முடியாது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. அதற்கென்ன, கடவுள் வேலைக்காரிகளுக்கும் கால்களைப் படைத்திருக்கிறாரே.

வேலை நடந்த விதம் இப்படி. வியாழன் பின்னேரம், அதாவது அந்த ஊர் வேலைக்காரிகளெல்லாம் லீவில் நிற்கும் நேரம், சிஞ்ஞோரா தன் சின்னப் பியற் காரில் கிருசாந்தினியை ஏற்றிப் போவாள். காடு தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவாள். கிருசாந்தினி குறிப்பெழுத ஒரு கொப்பியோடு உள்ளே போவாள். அவள் திரும்பி வந்ததும் சிஞ்ஞோரா பேனையால் கண்ணாடியைத் தட்டி, "ஃபாச்சிலே, இல்லையா?" என்பாள். சுலபம்தானே என்று அர்த்தம்.

கிருசாந்தினி, "ஃபாச்சிலே, சிஞ்ஞோரா," என்பாள்.

வேறு என்ன சொல்ல? வீட்டு வேலைக்கு வந்த தமிழ்ச் சனம் முதலில் பழகும் இத்தாலியச் சொல் அதுதான். அலுமாரியைத் தனியே நகர்த்த ஏலுமா? ஃபாச்சிலே. இருபது பேருக்குச் சமைக்கலாமா? ஃபாச்சிலே. கஷ்டம் என்று சொன்னவளின் இடத்தில் அடுத்த திங்கள் வேறொருத்தி நிற்பாள். ஆகவே பிக்கூத்சா காட்டுச் சதுப்பில் தொடைவரை புதைந்து, ஒரு மரவேரைப் பிடித்து எழும்பி வந்த நாளிலும் அது ஃபாச்சிலேதான். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மேலே பாறையில் நாலு காலில் தவழ்ந்த நாளிலும் ஃபாச்சிலே. வாய்க்கால் வரம்பு உண்மையிலேயே அவளுக்குச் சுலபம்தான். வெங்காயப் பாத்தியின் ஒரு அடி அகல வரம்பில் நின்று தண்ணீர் மாறிக்கட்டி வளர்ந்தவளுக்கு அது பெருந்தெரு.

கொப்பியில் மட்டும் அவள் பொய் எழுதவில்லை. தமிழில், ஒழுங்காக, வரைபடத்தோடு எழுதினாள். சிஞ்ஞோரா தூரத்தையும் திரும்பும் இடங்களையும் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டாள், வரைபடத்தைப் பிரதி எடுத்துக்கொண்டாள். மற்றதை அவள் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை.

அப்படி இரண்டு வருடம். இப்போது புத்தகம் அச்சகத்தில். அதனால்தான் இந்தக் கேள்வி.

சிஞ்ஞோரா கோபிக்கவில்லை, சிரித்தாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஆசிரியர்தான் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். வரைபடம் நான் கீறினது என்றாள் கிருசாந்தினி. நான் புவியியல் படித்தவள் என்றும் சொல்லிவிட்டாள். அந்த ஒரு நொடியில் சிஞ்ஞோராவின் முகத்தில் நடந்ததைப் பார்த்தபோது, மச்சாள் பெரிய ஞானி என்று பட்டது.

"நல்லது, ஞானா," என்றாள் சிஞ்ஞோரா. கடவுச்சீட்டில் முன்னுக்கு நின்ற தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு அவளை அப்படித்தான் கூப்பிட்டாள். "ஆனால் எழுதியது நான். நீ நடந்தாய், அவ்வளவுதானே."

அடுத்த ஞாயிறு சிஞ்ஞோராவின் நண்பர்கள் ஒன்பது பேர், ஓய்வுபெற்ற பெருமக்கள், பிக்கூத்சா காட்டுக்குள் போகும் ஏழாம் நடையை ஒத்திகை பார்க்கப் புறப்பட்டார்கள். சாப்பாட்டுக் கூடையைச் சுமக்கக் கிருசாந்தினி. காரைக் காவல் காக்கச் சிஞ்ஞோரா. 'நீரோரம் செல்லும் மென்மையான பாதை' என்று அச்சுத்தாளை உரத்து வாசித்துக்கொண்டு போன மருந்துக்கடைக்காரர், மென்மை என்றால் என்ன என்பதை இடுப்புவரை அறிந்துகொண்டார். அவரை இழுக்கப் போன முன்னாள் நீதிபதியும் தீர்ப்பு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கிருசாந்தினி கூடையைப் புல்மேட்டில் வைத்துவிட்டு இருவரையும் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டாள். மருந்துக்கடைக்காரரின் ஒரு சப்பாத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தவர்களைக் கண்டதும் சிஞ்ஞோரா குறுக்கெழுத்தை மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை அதிசயம் நடந்தது. சிஞ்ஞோரா கிருசாந்தினியைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். பொன்விளிம்புக் கோப்பையில், விருந்தினர் கோப்பையில், கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். யோசித்துப் பார்த்ததில் அவள் கேட்டது நியாயம்தான் என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல்தரமாக, அவளுடைய முழுப்பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டாள்.

அச்சுத்தாளின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி காத்திருந்தது. நடைகளை நடந்து சோதித்து, 'சுலபம்' என உறுதிப்படுத்தி, அதற்கு முழுப் பொறுப்பும் ஏற்பவர்: அதற்குப் பிறகு வெற்றிடம்.

கிருசாந்தினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசை வராமலா இருந்தது? அச்சில் பெயர். ஊருக்கு ஒரு பிரதி போனால் அப்பா ஒரு எழுத்தும் விளங்காமல் சங்கக்கடை முழுக்கக் கொண்டு திரிவார். மகளின் பட்டம் எங்கேயோ ஒரு கடுதாசியில் உயிரோடு இருக்கிறது என்று அவரும் நம்பலாம், அவளும் நம்பலாம். அந்த வெற்றிடம் சரியாக அவளுடைய பெயரின் நீளம்தான்.

அவள் கொப்பியை எடுத்து விரித்தாள். "இதிலை ஒன்பது சுலபம், சிஞ்ஞோரா. எட்டு கஷ்டம். மிச்சம் அஞ்சுக்கும் ஒருத்தரையும் அனுப்பக்கூடாது. இப்பிடித் திருத்துங்கோ. என்ரை பேரைப் போடுங்கோ."

அட்டை அச்சாகிவிட்டது என்றாள் சிஞ்ஞோரா. இருபத்திரண்டு என்றும் சுலபம் என்றும் பெரிய எழுத்தில். ஒரு சொல்லை யார் பார்க்கப்போகிறார்கள், அவரவர் காலை அவரவருக்குத் தெரியாதா என்றாள். கடைசியில் குரல் தடித்தது.

"ஒவ்வொரு முறையும் சுலபம் என்று சொன்னவள் நீ."

"ஓம், நான்தான்," என்றாள் கிருசாந்தினி. "வேலை போயிடும் எண்ட பயத்திலை சொன்னனான். பிழை என்னிலைதான். நீங்களும் ஒருநாளும் எப்பிடியிருந்தது எண்டு கேக்கேல்லை. சுலபம்தானே எண்டுதான் கேட்டனீங்கள்."

"இப்போது என்ன சொல்கிறாய்?"

"ஆரும் விழுந்து முறிஞ்சால் என்னைப் பிடிக்கட்டும் எண்டு என்ரை பேர் தர ஏலாது. வரைபடத்தையும் எடுத்துவிடுங்கோ. அது நான் கீறினது."

சிஞ்ஞோரா வாய் திறப்பதற்குள் அவளுடைய வேலை மேலங்கி கழன்று கொளுவியில் தொங்கியது. கொப்பி பைக்குள் போனது. முடிவு அந்த வரியை வாசித்தபோதே எடுத்தாயிற்று. மற்றதெல்லாம் மரியாதைக்குக் கதைத்தது.

படியில் மச்சாள் துடைப்பத்தோடு நின்றாள். வேலை முடியாமல் காலை பத்து மணிக்கே இறங்கி வருகிறவளின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது.

"கேட்டிட்டாய் என்ன?" என்றாள். "தரமாட்டன் எண்டிட்டாவோ?"

"தாறன் எண்டவ, மச்சாள். நான்தான் வேண்டாம் எண்டிட்டன்."

"உனக்கென்ன விசரே? நாளைக்கு என்ன செய்யப்போறாய்?"

நாளைக்கு வேலை தேட வேண்டும், அது சுலபமில்லை. இரண்டு வருடத்தில் முதல்தரமாக அதை வாய்விட்டே சொன்னாள். மச்சாள் துடைப்பத்தை ஒதுக்கி வழிவிட்டாள். கிருசாந்தினி ஈரப் படிகளில் இறங்கி, வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனாள்.