தேதி நீக்கிய வலைப்பூ

தராசு ஆய்வாளரின் மாமனார், இறந்து ஆறு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மருமகனை வாயாரப் புகழ்ந்தார். இறந்தவர் வந்ததைவிட அவர் புகழ்ந்ததுதான் வீட்டில் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. உயிரோடு இருந்தவரை அவர் யாரையும் புகழ்ந்ததாகத் தகவல் இல்லை. முப்பத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமே அதிலுள்ள பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தவர். அன்றைக்கு அவர் மகள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார். மகள் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

இதற்குக் காரணம் வலைப்பூதான் என்று ஆய்வாளருக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் முந்தைய நான்கு நாட்களும் சும்மா போகவில்லை. அவருக்கு வேலை கடைகடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்துவது. ஒரு கிலோவில் பத்து கிராம் குறைந்தால் கடைக்காரரைத் தெருவுக்கு இழுத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு சாயங்காலம் எழுத உட்கார்ந்தால் மட்டும் கை தாராளமாகிவிடும். பதினோரு வருடமாக நடத்திவந்த வலைப்பூவுக்கு, தராசின் நடுவில் நிற்கும் முள்ளை நினைத்து, 'நடுமுள்' என்று பெயர் வைத்திருந்தார். முந்நூற்று நாற்பது பதிவுகள். மாதம் இருநூறு பேர் வந்துபோவதாகப் பக்கத்தின் அடியில் ஓர் எண் காட்டும். அதில் நூற்றைம்பது பேர், எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப்போன அவரேதான்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, செத்துப்போன கம்பெனியின் காலண்டர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆய்வாளர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் வலைப்பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கும் பெண்ணிடம் போனார். அந்தப் பெண் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், வேலையை ஆரம்பித்தாள். ஓடும் எழுத்துகளை எடுத்தாள். சுட்டியின் பின்னால் பறந்துவரும் குருவியை எடுத்தாள். வருகையாளர் எண்ணை எடுத்தாள். ஏற்கெனவே எறும்பு சைஸில் இருந்த எழுத்தை இன்னும் சிறிதாக்கி, சாம்பல் நிறத்தில் மங்கலாக்கி, "பக்கம் மூச்சு விடணும் சார்" என்றாள். கடைசியில் எல்லாப் பதிவுகளின் தலையிலும் இருந்த தேதிகளை ஒரே தட்டில் நீக்கினாள். "தேதி இருந்தாத்தானே சார் பழசுன்னு தெரியும்? எடுத்துட்டா எல்லாமே புதுசு." கூடவே, தினமும் காலையில் பழைய பதிவு ஒன்று தானாக முகப்புக்கு ஏறிவரும்படி ஓர் ஏற்பாடும் செய்து கொடுத்தாள்.

இதைப் பற்றிப் பதிவுகள் என்ன நினைக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. தேதி இருக்கும்வரை ஒரு சம்பவத்துக்குத் தான் முடிந்துபோனது தெரியும். தேதி போய்விட்டால் அது தன்னை இன்றைக்கு உரியதாகவே நினைத்துக்கொள்ளும். முதல் நாள் முகப்புக்கு வந்தது மழையைப் பற்றிய பதிவு. ஆய்வாளர் வீட்டின் மேல் மட்டும் மழை பெய்தது. நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த மழை உண்மையில் பெய்தது இருபது நிமிடம். பதிவில் மூன்று மணி நேரம் என்றும் வானம் பிளந்தது என்றும் எழுதியிருந்தார், ஆகவே மூன்று மணி நேரம் பெய்தது, வானமும் முடிந்தவரை பிளந்தது. இரண்டாம் நாள், எப்போதோ காலி செய்துவிட்டுப் போன மாடி வீட்டுக்காரரின் புல்லாங்குழல் கேட்டது. மனிதர் சுமாராகத்தான் வாசிப்பார், ஆனால் பதிவில் கொலை என்று எழுதியிருந்ததால் கொலையாகவே கேட்டது. மூன்றாம் நாள் 'இருளும் நானும்' வந்தது. மின்சாரம் போனது. அசல் மின்வெட்டின்போது நன்றாகத் தூங்கிய ஆய்வாளர், இந்தமுறை எழுதியிருந்தபடியே ஐந்து மணி நேரம் மெழுகுவர்த்தி முன் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றிச் சிந்திக்கவேண்டியதாயிற்று. நான்காம் நாள் வந்தது ஒரு கவிதை. ஒன்றும் நடக்கவில்லை.

அவர் வடிவமைப்புப் பெண்ணுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க சார்" என்றாள்.

ஐந்தாம் நாள் வந்ததுதான் மாமனார் இறந்தபோது எழுதிய அஞ்சலி. தலைப்பு 'மாமனார் அல்ல, மாமனிதர்'. அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அறுபத்து மூன்று பின்னூட்டங்கள், எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. அதில் மாமனார் அன்பே உருவானவர், மருமகனின் எழுத்துக்கு முதல் ரசிகர். உண்மையில் இருவரும் கடைசி நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு பெட்டி. இருவரும் சேர்ந்து போய்வந்த ஒரு பயணத்தைப் பற்றி ஆய்வாளர் எழுதி, திரையில் படிக்கச் சிரமப்படுவாரே என்று தாளில் எடுத்துக் கொடுத்தார். கிழவரின் கனமான பெட்டியைத் தான் தூக்கிவந்ததாக அதில் உருக்கமாக ஒரு பத்தி இருந்தது. மாமனார் அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்புக்கோடு போட்டு, ஓரத்தில், 'இரண்டு பெட்டியையும் தூக்கியது நான்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதோடு சரி. அப்புறமும் செவ்வாய்க்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவார், சாப்பாட்டைக் குறை சொல்வார், மருமகன் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்வார்.

புகழ்ந்த அன்று மாலை நாலு பத்துக்கு, அலுவலகத்தில் ஆய்வாளரின் போன் அடித்தது. திரையில் 'மாமா' என்று இருந்தது. கை தானாகப் போய் எடுத்தது. "மாப்ளே, என் பொண்ணைப் பாத்துக்குங்க. நீங்க எனக்கு மகன் மாதிரி." அஞ்சலியின் கடைசிப் பத்தியில் உள்ள வார்த்தைகள்தான். அவற்றை அவர் காதால் கேட்பது அதுவே முதல்முறை. ஆறு வருடத்துக்கு முன் இதே நேரத்துக்கு மாமனார் கூப்பிட்டது உண்மை. அன்று பெயரைப் பார்த்ததும் ஆய்வாளர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஐந்து மணிக்கு மாமனார், மகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன்பே, அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார், ஆறு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசியாக என்ன சொன்னார் என்று அழுதுகொண்டே கேட்ட மனைவியிடம், ஏதாவது சொல்லியாகவேண்டுமே என்று ஆய்வாளர் இந்த வார்த்தைகளைச் சொன்னார். சொன்னதை எழுதினார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் பாதியில் விடமாட்டாள். அப்பா கடைசி நேரத்தில் தன்னைக் கூப்பிடாமல், நான்கு வருடம் பேசாத மருமகனைக் கூப்பிட்டுக் கொஞ்சியது ஏன் என்பது ஆறு வருடமாக அவளுக்கு விடை வராத கணக்காக இருந்தது.

அவள் அந்தப் பதிவைச் செவ்வாய்தோறும் முகப்பில் நிறுத்தச் சொன்னாள். பள்ளிக்கு விடுப்பும் எழுதிக் கொடுத்தாள். அன்று அவள் என்ன செய்தாள் என்று அஞ்சலியில் ஒரு வரிகூட இல்லாததால், அந்த நாளில் அவள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டு செவ்வாய் அப்பாவுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். மூன்றாவது செவ்வாய், அவர் தட்டில் மட்டும் மூன்று கரண்டி உப்பை அள்ளிக் கொட்டினாள். அவர் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டுவிட்டு, "அமிர்தம்மா" என்றார். அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை ஆய்வாளர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள் சொன்னாள்: "அது எங்கப்பா இல்ல. நீங்க எழுதினவரு. எங்கப்பா உப்பு ஒரு சிட்டிகை கூடினாலே தட்டைத் தள்ளி வெச்சிடுவாரு." அவள் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள். "அன்னிக்கு நிஜமா என்ன சொன்னாரு?"

"எழுதிக் காட்டறேன்" என்றார் ஆய்வாளர். வாயால் சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எட்டு நாள் எழுதினார். பதினோரு வருடத்தில் எதற்கும் இவ்வளவு நாள் எடுத்ததில்லை. தேதிகளைத் திரும்பப் போட்டால் எல்லாம் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும், வடிவமைப்புப் பெண்ணும் போட்டுத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார். தலைப்பை வெறும் 'மாமனார்' என்று மாற்றினார். பெட்டிகளைத் தூக்கியது அவர் என்று எழுதினார். நான்கு வருடம் பேசவில்லை என்று எழுதினார். நாலு பத்துக்குக் கூப்பிட்டார், நான் போனைக் கவிழ்த்து வைத்தேன், அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது, ஆறு மணிக்கு இறந்தார் என்று முடித்தார். மனைவி நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு ஐந்து நாள் அவரிடம் பேசவில்லை. தட்டு மட்டும் நேரத்துக்கு மேஜைக்கு வந்தது. பதிவுக்கு ஒரே ஒரு பின்னூட்டம் கிடைத்தது, முன்பின் தெரியாத யாரோ போட்டது: பழையதே நன்றாக இருந்தது.

அடுத்த செவ்வாய் ஏழே முக்காலுக்கு வந்தவர், அழைப்பு மணி ஏன் இப்படிக் கதறுகிறது என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு வெந்நீரே குடுத்திருக்கலாம்" என்றார். மருமகனைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிப்புக்கு முதலில் வழிவிட்டாள். மதியம் உப்புக்காக ஒரு சண்டை, குழந்தைகளுக்கு அவள் பின்னம் சொல்லிக் கொடுக்கும் முறைக்காக ஒரு சண்டை. நாலு பத்துக்கு அவர் கூடத்தில் நின்று போனைக் காதில் வைத்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னப்பா விஷயம்?"

"உன் வீட்டுக்காரர் பக்கத்தைப் படிக்கலாம்னா எழுத்து பொடிப்பொடியா இருக்கு. இப்பல்லாம் பூதக்கண்ணாடி வெச்சாலும் தெரியல. கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லணும்."

"அதையெல்லாம் நீங்க படிக்கிறீங்களா?"

"ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். பாதி பொய். இருந்தாலும் மனுஷன் விடாம எழுதறாரே."

ஊரின் இன்னொரு பக்கத்தில் ஆய்வாளர் போனை எடுக்கப் பார்த்தார். கை எடுக்கவில்லை. எழுதியிருந்தபடி அது போனைக் கவிழ்த்து வைத்தது. உண்மையை எழுதினால் இந்த ஒரு சங்கடம் உண்டு, அப்புறம் அதையும் மாற்ற முடியாது. கூடத்தில் கிழவர் மணி அடித்து ஓயும்வரை காத்திருந்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வேலையா இருப்பாரு" என்றார். ஐந்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருடைய பழைய வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஆறு மணிக்கு அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாலை மனைவி இதையெல்லாம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். வேலையாக இருப்பார் என்றதையும் சொன்னாள். ஆய்வாளர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் கூடத்துக்கு வந்தபிறகுதான் வெளியே வந்தார்.

மறுநாள் அவர் எழுத்தைப் பெரிதாக்கினார். வடிவமைப்புப் பெண் வேண்டாமென்று சொல்லச் சொல்ல, வரிக்கு மூன்று வார்த்தைக்குமேல் இடமில்லாத அளவுக்குப் பெரிதாக்கி, சாம்பல் நிறத்தைக் கறுப்பாக்கினார். அவள் பக்கத்தின் அடியிலிருந்த தன் பெயரை எடுத்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க ஆய்வாளர் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தினார். மழை இருபது நிமிடத்துக்கு வந்தது, புல்லாங்குழல் சுமாராகியது, மின்வெட்டில் அவர் தூங்கினார். வாசகர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

எழுத்து பெரிதான பிறகு வந்த முதல் செவ்வாய், மாமனார் மகளின் போனை ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு தன் மரணத்தைப் பற்றிய பதிவை முழுவதும் படித்தார். பெட்டி வரும் இடத்தில் தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு மணி இல்லம்மா. ஆறே கால். மாத்தச் சொல்லு." மாற்றப்பட்டது. அன்று நாலு பத்துக்கு அவர் மறுபடியும் போனை எடுத்தபோது, மகளுக்குப் புரியவில்லை.

"அதான் பெருசு பண்ணிட்டாரேப்பா. இப்ப எதுக்கு?"

"இப்ப தெரியுதுன்னு சொல்ல வேணாமா?"

இன்றுவரை செவ்வாய்க்கிழமைகளில் அந்த போன் அடிக்கிறது. ஆய்வாளர் அதைக் கவிழ்த்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் பக்கத்து மேஜைக்காரர், "எடுங்க சார், பாவம் யாரோ" என்று சொல்லிப் பார்த்தார். மாமனார்தான் என்றும் எழுத்து தெரிகிறது என்று சொல்லக் கூப்பிடுகிறார் என்றும் ஆய்வாளர் விளக்கினார். இப்போதெல்லாம் மணி அடித்து முடியும்வரை யாரும் அவரிடம் கையெழுத்து கேட்பதில்லை.